அக்கா வைத்த வெந்நீர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர், எங்கள் அக்காவை 'பன்னிக்கு சீமந்தம் பண்ணவ' என்று கேலி செய்தவர்கள்தான். அக்கா இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

அக்கா அடி அண்ணாமலையில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, எழுபதுகளில் பன்றி வளர்த்துத்தான் தங்கையான என்னை வளர்த்தார். டவுன் ஓட்டல்களில் மிஞ்சியதைச் சைக்கிளில் டின் கட்டிக் கொண்டுவருவார். முதலில் வாங்கிய வெள்ளைத் தாய்ப்பன்றி நாளெல்லாம் தின்றது. ஆனாலும் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டே இருந்தது. முதல் ஈற்றுக் குட்டிகள் சவலையாய்ப் பிறந்தன, ஒன்றும் தங்கவில்லை.

அது மறுபடி சினையானபோது தாய்மாமா பொறுமை இழந்தார். "திங்கறதெல்லாம் எங்கதான் போவுது? கசாப்புக்குத் தள்ளிட்டு வேற வேல பாரு." அது போனால் எங்கள் அடுப்பும் அணைந்துவிடும்.

அக்கா மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய் நின்றார். "வயித்துல புழு ஜாஸ்திம்மா. நீ போடறத அதுங்க தின்னுடுது" என்றார் அவர். குட்டி போடுமுன் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். ஓட்டல் சோற்றோடு நிறுத்தாமல் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்க்க வேண்டும். மடியில் ஒட்டிய அழுக்கோடு புழு முட்டை குட்டிகளின் வாய்க்குப் போய்விடுமாம். அதனால் தாயைக் குளிப்பாட்டி, கழுவிக் காயவைத்த கொட்டகைக்கு மாற்றச் சொன்னார்.

அக்கா வெந்நீர் வைத்தார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, சோப்புப் போட்டு வயிறும் மடியும் தேய்த்தார். "தாய் வூட்டுக்கு வந்த பொண்ணு மாதிரி நில்லுடி" என்று அதட்டினார். அதுவும் நின்றது! வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே சிரித்தது. அந்த ஈற்றுக் குட்டிகள் கொழுகொழுவென்று முட்டி மோதிப் பால் குடித்தன. கசாப்புப் பேச்சை விட்ட மாமா, கீழ்பென்னாத்தூரிலிருந்து புண்ணாக்கு மூட்டையைத் தாமே கொண்டுவந்து இறக்கினார்.

பிறகு என் முதல் பிரசவத்துக்கு அக்கா வீடுதான் தாய்வீடு. அதே வெந்நீர், அதே முழங்கை. "நான் என்ன உன் பன்னியாக்கா?" என்றேன்.

"அதுக்கே பண்ணேன், ஒனக்குப் பண்ணமாட்டனா? முதுகக் காட்டுடி."

அந்தக் கைக்காக என் முதுகு இன்றும் ஏங்குகிறது.

கடைசி நாட்களில் எதைச் சாப்பிட்டும் அக்கா உடம்பில் ஒட்டவில்லை. "எனக்கும் பூச்சி மருந்து வாங்கியாடி" என்று சிரித்தார். மருந்துக்கு அடங்கும் நோயாக அது இல்லை.

உடனிருந்து பார்த்துக்கொண்ட மாமா குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் நன்றி. பக்கத்து வீட்டு அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்ட எல்லோரும் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தபோது, யாரும் சொல்லாமலே அவர் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். நான் முழங்கையை விட்டுப் பார்த்தேன்.

பதமாய்த்தான் இருந்தது, அக்கா.