மாமாஜி யாரைக் கட்டிக்கொள்வார்

1991-ல் எங்கள் மண்ணூர்த் தெருவில் டிவி இருந்தது மில்காரர் வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்குழம்பை அடுப்பில் ஏற்றித் தீயைக் குறைத்துவிட்டு, தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். பார்ப்பது இந்தி நாடகம். இந்தி ஒருத்திக்கும் தெரியாது. "அழுவுறது சிரிக்கிறது எல்லா ஊருலயும் ஒண்ணுதான், பாரு பேசாம" என்பாள் மில்காரம்மா.

என் அக்கா மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரிடம் இந்தி கற்று முதல் பரீட்சை எழுதியிருந்தாள். இது வீடு, அது மரம் என்கிற அளவுப் படிப்பு. ஆனாலும் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தெரு அவளைப் பண்டிதையாக்கி டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. புரிந்ததைச் சொல்வாள், புரியாததைக் கூசாமல் இட்டுக்கட்டுவாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் விடும் கதைதான் எனக்கு டிவி கதையைவிடப் பிடித்தது.

நாடகத்தில் மூன்று சகோதரிகள், அப்பா இல்லாத வீடு, ஓயாமல் கண்ணைத் துடைக்கும் அம்மா. வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருந்தது. யாருக்காவது அழுகை வந்தால் அதில் ஏறிப் போய் அழுவார்கள். ஒரே அறையில் நாலு பேர் புழங்கிய எங்களுக்கு அந்த வசதி இல்லையே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த வீட்டுக்கு ஏதாவது கஷ்டம் வந்தால் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். மூத்தவள் "மாமாஜி" என்று ஓடிப்போய் அவர் தோளில் சாய்வாள். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் தெருவுக்கு அக்காவின் தயவு தேவைப்படவில்லை. மாமா என்றால் மாமா. அம்மாவின் தம்பி, ஆகவே மாப்பிள்ளை. "கல்யாணத்துக்கு முன்னயே இன்னாடி ஒட்டிகினு நிக்கிறா?" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தால், "மாமன்காரன், உரிமை கீது. உனுக்கு இன்னா வந்துச்சு?" என்று மில்காரம்மா அடக்கிவிடுவாள். கல்யாணம் எந்த வாரம் வரும் என்பதே தெருவின் கவலையாக இருந்தது.

எங்கள் வீட்டிலும் அதே பேச்சு நடந்தது. அப்பா செத்தபோது மாமா மீசை முளைக்காத பையன். தன் அக்காவான எங்கள் அம்மாவுக்குத் துணையாக வந்தவர், அப்படியே எங்களோடு தங்கிவிட்டார். நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை. பெரிய பாப்பா, சின்ன பாப்பா என்றுதான் எங்களைக் கூப்பிடுவார். தை பிறந்ததும் பெரிய பாப்பாவை அவருக்கே கட்டிவைப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். ஊரில் யாருக்கும் அது அதிசயமில்லை. அக்கா மகள் இருக்கும்போது வெளியே பெண் தேடினால்தான் கேள்வி கேட்பார்கள்.

அக்கா சம்மதம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"எனுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலை வச்சிகினு வெசிறினது அவருடி. என்னை இடுப்புல தூக்கிகினு ஸ்கூலுக்கு விட்டாரு. அவரப் போய் நான் எப்டிடி..."

"அம்மா கிட்ட சொல்லேன்."

"இன்னான்னு சொல்றது? நமக்கோசரம் இத்தினி வருசம் கல்யாணம் பண்ணிக்காத நின்ன மனுசன். பிடிக்கலன்னு சொன்னா அவரு மூஞ்சில துப்புற மாதிரிடி."

எனக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. மாமா மேலும் பாவமாக இருந்தது. யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் இருவர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நாடகத்தில் நிச்சயதார்த்தம். மூத்தவளுக்கு மோதிரம் போட்டவன் வேறு யாரோ கோட்டு சூட்டுக்காரன். மாமாஜி அவள் தலையில் கை வைத்துச் சிரித்தபடி அழுதார். மில்காரர் வீட்டுக் கூடம் கொதித்துப்போனது.

"அட பாவிங்களா! மாமன் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறான், பொண்ண வெளியில குடுக்கிறாளே அந்தப் பொம்பள! ஏண்டி, இன்னாடி சொல்றாங்கோ?" என்று மில்காரம்மா என் அக்காவைப் பிடித்து உலுக்கினாள்.

வழக்கம்போல ஏதாவது இட்டுக்கட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவங்க பக்கம் தாய்மாமன கட்டிக்க மாட்டாங்கோ. தாய்மாமன்னா அப்பா மாதிரி."

அப்பா என்னும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அம்மாதான், "அது அவங்க வழக்கம். நமக்கு இன்னா வந்துச்சு?" என்று வெடுக்கென்று சொன்னாள். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் எப்போதும் வெளியே நின்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். மாமா அங்கே கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது. அதையும் அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் சோறு விழுந்தது, கை வைக்கவில்லை.

"அக்கா, எனக்கு வெளியில பொண்ணு பாரு."

கரண்டி அம்மா கையிலேயே நின்றது. "டிவில கூத்து பாத்துட்டு வந்து ஒளறாத. சோத்தத் துன்னு."

"ஒளறல. நெசமாத்தான் சொல்றேன்."

"அவ எதுனா சொன்னாளா உன்கிட்ட?"

"பாப்பா ஒண்ணும் சொல்லல. அத இதுல இழுக்காத."

மாமாவுக்கு ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பேச்சு எழுந்த நாளிலிருந்து தினமும் சவரம் செய்துகொண்டு, கண்ணாடி முன்னால் விசிலடித்த மனிதர் அவர். அன்று சோற்றைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல்தான் பேசினார்.

"அதுங்களுக்கு அப்பா இல்ல. நானும் போயி மாப்பிள்ளையா மணையில குந்திகினா, பெரிய பாப்பா பக்கம் நிக்கிறதுக்கு யாரு கீறாங்கக்கா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவர் இருக்கும் பக்கமே வராதவள், தன் தட்டை எடுத்துவந்து மாமாவை ஒட்டி உட்கார்ந்து, "எனுக்கும் சோறு போடும்மா" என்றாள்.