அந்தப் பேர்

சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்ததும் டெல்மரை ரெட்டிங் நகரத்து முதியோர் விடுதியில் கொண்டுவந்து போட்டார்கள். "தனியா இருக்கோமேன்னு இருக்கா?" என்று நர்ஸ் தினமும் இங்கிலீஷில் கேட்பாள். இல்லை என்பார். ஆமாம் என்று சொன்னால் அவள் படிவத்தில் ஒரு டிக் அடிப்பாள், அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்குத் தங்கை ஆர்வில்லா இருந்தாள். ஞாயிறு தவறாமல் போனில், அவர்கள் பழங்குடியின் கரூக் மொழியில்.

"ஊரு ஞாபகமாவே இருக்கு, தங்கச்சி."

"கட்டில்ல தலை ஆத்துக்கு மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா? முதல்ல அதைச் சொல்லுண்ணே" என்று சீண்டுவாள். ஊரில் ஓடும் கிளாமத் ஆற்றை வைத்தே திசை சொல்லிப் பழகியவருக்கு அந்த அறையில் திசையே கிடையாது.

இந்த ஞாயிறு போனை எடுத்தவன் அவள் மகன் வெண்டல்.

"ஆர்வில்லாகிட்ட குடுடா."

"அந்தப் பேரைச் சொல்லாதீங்க, மாமா."

செத்தவர் பேரைக் கரூக் மக்கள் வாயால் சொல்வதில்லை.

"புதன்கிழமை அடக்கம் பண்ணிட்டோம். மண்சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சு, உங்களைக் கூட்டிட்டு வர முடியல. எப்படிச் சொல்றதுன்னும் தெரியல."

டெல்மர் கரூக்கில் ஒரு வாக்கியம் சொன்னார். வாரம் முழுக்கத் தங்கைக்காக வைத்திருந்தது.

"என்ன மாமா? எனக்கு அந்த பாஷை வராதே."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"சாப்பிட்டேன், மாமா" என்றான் வெண்டல்.