பொன்னம்மாளுக்கு அளவெடுத்தவர்

உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்கு அளவெடுத்தான் என்று ஜோதிலிங்கத்தைத் தூற்றுகிறார்களே, எடுக்கச் சொன்னது யார் என்று ஒருவராவது கேட்டார்களா? பொன்னம்மாளேதான் சொன்னாள். அவர்கள் சனத்தில் புதைப்பதுதான் வழக்கம். டில்லியில் செத்தால் எரித்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு நோவைவிடப் பெரிதாக இருந்தது. "என்ன நெருப்புல போட்றாதய்யா. சின்னசேலத்துல எங்கம்மா பக்கத்துல வையி. பொட்டிய நான் கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

மோதி பாக் பக்கத்துக் குடிசைச் சந்தில் இருபது வருசமாக அவருக்கு அதுதான் வேலை. இங்கே இறந்துபோகும் நம் ஆட்களை ஊருக்கு அனுப்பப் பலகை அறுப்பார். ஆணியைத் தன் எண்ணெய்த் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து அடிப்பார். சந்தில் யாரும் அதன் பேரைச் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள், மிஞ்சினால் "பாக்ஸ்" என்பார்கள். அவர் மட்டும் "சவப்பெட்டி" என்று முழுசாகச் சொல்வார். "பொட்டின்னா துணி வெக்கிறது. செத்தவனுக்கு செய்யிறத பேரு சொல்லக்கூட கூசுனா, அவனுக்கு என்ன மரியாத?" பக்கத்து வீட்டுக் கவிதா அவரைக் கண்டால் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

பொன்னம்மாளின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து ஒன்பது நாள் செய்தார். எந்தப் பெட்டிக்கும் உட்புறம் இழைக்காதவர் இதற்கு இழைத்தார். "இவ நேரா படுக்கமாட்டா. முட்டிய மடிச்சு ஒருக்களிச்சுத்தான் படுப்பா" என்று அகலத்தைக் கூட்டினார். அவள் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு படுக்கலாம் போலக்கீதே. நீயும் வர்றியாய்யா?" என்று சிரித்தாள். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டாள்.

வண்டிக்காரன் வந்து, "தாபூத் கஹான் ஹை, பையா?" என்று இந்தியில் பெட்டியைக் கேட்டான். ஜோதிலிங்கத்துக்கு எந்தப் பேரும் வாயில் வரவில்லை. "பொன்னம்மா உள்ள இருக்கா" என்றார், தமிழிலேயே.

நாலு பேர் தூக்கினார்கள். வாசலில் பெட்டி நுழையவில்லை. வெறும் பெட்டி என்றால் சாய்த்துக் கொண்டுபோகலாம், அவளைச் சாய்ப்பதா? மடக்கிய முட்டிக்கு இடம் விட்டவருக்கு வாசல் ஞாபகம் வரவில்லை.

"இத்தன வருசமா செய்யிற, வாசல அளக்கலியாண்ணே?" என்றான் தூக்க வந்த ராஜவேல்.

அவர் சுத்தியலை எடுத்தார். கதவைக் கழற்றினார். நிலையையும் பெயர்த்தார். செங்கல் உதிர்ந்தது. பொன்னம்மாள் படுத்தபடியே வெளியே வந்தாள்.

பின்னாலேயே அவரும் வந்தார். "கதவ மாட்டிட்டுப் போங்கண்ணே, நாயி பூந்துரும்" என்றாள் கவிதா. அவர் மடியிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.