பொட்டு வைத்த டேப்

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களை கேசட் போன்ற டேப்பில் ஏற்றிப் பீரோவில் அடுக்கி வைப்பதுதான் செம்பூரில் என் பிழைப்பு. எந்தப் படம் எந்த டேப்பில் என்று சொல்ல கேட்டலாக் என்ற பட்டியல் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது. டேப்புகள் நூற்றுப்பத்தும் பத்திரம். எதில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்திருந்தோம், அதே டிஸ்கில்.

இனி ஒவ்வொரு டேப்பையும் மெஷினில் போட்டு, அது முழுக்கப் படித்து முடித்த பிறகு, பட்டியலை முதலிலிருந்து எழுதவேண்டும். ஒரு டேப்புக்கு ஒன்றரை மணி நேரம். ஆற அமரச் செய்யலாம் என்று டீயோடு உட்கார்ந்தபோதுதான் தாராவியிலிருந்து அந்த அக்கா வந்தார்.

அவர் கணவருக்கு நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்திருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன். பழைய ஸ்கேனிலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் கத்தி வைக்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த படம் மழைத்தண்ணீரில் ஊறி ஒட்டிப்போய்விட்டது. எங்கள் டேப்பில் கிடைத்தால்தான் உண்டு. எடுத்த தேதியும் பட்டியலோடு போயிருந்தது.

"எந்த வருஷம்க்கா எடுத்தது?"

"வருசமெல்லாம் ஆருக்குத் தெரியும் தங்கச்சி? அஞ்சாறு வருசம் இருக்கும். நீ தேடு, நான் இங்கனயே இருக்கேன்."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டேப்புகளை அடுக்கியதும் மெஷினின் கை ஒவ்வொன்றின் பார்கோடையும் பார்த்துக்கொண்டே போகும். ஆறு டேப்புகளைப் படிக்க முடியாமல் வெளியே தள்ளியது. எடுத்துப் பார்த்தால் பார்கோடின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். "யே கிஸ்னே கியா?" என்று என் மராட்டி மேடம் கேட்டார். யார் செய்ததென்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தது நான்தான். ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது, உள்ளே தூள் போகும் என்று மேடம் தடை போட்டிருந்தார். டேப்புக்குத் தடை இல்லையே. வருஷா வருஷம் அன்று காலை மெஷினிலிருந்து வந்த டேப்புக்கு வைத்துவிடுவேன். அந்த ஆறையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக ஒதுக்கினேன்.

புதன்கிழமை காலைக்குள் முப்பது டேப்புகள் ஓடிவிட்டன. அவர் படம் எதிலும் இல்லை. அரை மணிக்கொரு தரம் "கெடச்சிச்சா?" என்ற குரல் வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீங்க கேக்கக் கேக்க மெஷின் வேகமா ஓடாதுக்கா."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்குச் சீ என்றாகிவிட்டது. டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அவுக விழலேன்னா இந்தப் படமே கெடையாது. ஆயுத பூசைக்கு மொத நாளு. வேல பாக்குற கார்கானாவுல மிசினெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தாவ. வழுக்கி விழுந்து நெஞ்சுல அடி. அப்ப எடுத்ததுதான்."

எனக்குப் புரையேறிவிட்டது. முதல் நாள் எடுத்த படம் அன்று இரவே டேப்பில் ஏறும், பூஜையன்று காலை பாதிதான் நிறைந்திருந்தாலும் அந்த டேப்பை வெளியே எடுத்துவிடுவோம். அதாவது என் பொட்டு வாங்கிய டேப்.

ஆறையும் துடைத்தேன். சந்தனத்தோடு பார்கோடும் உரிந்து வந்தது. அதனால் டேப்பின் ஓரத்தில் எழுதியிருந்த நம்பரைக் கையால் தட்டி, பழையதிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டினேன். மூன்றாவது டேப்பில், சாயங்கால டீ வரும் நேரம், அவர் கணவரின் பெயர் திரையில் ஏறியது. அக்காவின் அஞ்சாறு வருஷம் உண்மையில் நாலு வருஷம்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளி அப்படியேதான் இருந்தது, கொஞ்சம்கூட வளரவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றார். அக்கா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமாகத்தான்.

மறுநாள் கணவரை வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் இருவரும் வந்தார்கள். அக்காவின் கையில் கோயில் குங்குமம். "அந்த டேப்பக் காட்டு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"லேபிள் பக்கம் வேண்டாம்க்கா. பின்பக்கம் வையுங்க."

சொன்ன பிறகுதான் கதவருகே மேடம் நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. என்னை முறைத்தார். பிறகு அக்காவின் கணவரை, கட்டோ தையலோ இல்லாமல் நேராக நின்றவரை, ஒரு பார்வை பார்த்தார்.

"மெஷின் கோ பீ லகா தோ" என்றார், மெஷினுக்கும் பொட்டு வைத்துவிடு என்று.

மெஷினுக்கு நானே வைத்தேன்.