மாறும் வட்டி, மாறாத வட்டி

முத்துவேல் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். நாற்பது வயது வரை வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிவிட்டு, 2021இல் முத்தியால்பேட்டையில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினார். பதினெட்டு லட்சம் வங்கிக் கடன், இருபது வருடம். மாறும் வட்டி அன்றைக்கு ஏழுக்கும் கீழே. மாறாத வட்டி பத்துக்கு மேல்.

“இப்ப யாரு சார் ஃபிக்ஸட் எடுக்கறாங்க?” என்று கேட்டபடியே வங்கி ஊழியர் படிவத்தை நீட்டினார். வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று முத்துவேல் கேட்கவில்லை. மாதத் தவணை 13,850 ரூபாய். அவருக்குப் புரிந்தது அந்த எண் மட்டும்தான்.

அடுத்த இரண்டு வருடமும் அதே தொகைதான் பிடித்தார்கள். ஒன்றும் மாறவில்லை என்றே நினைத்திருந்தார். பிறகு ஒரு கடிதம் வந்தது. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வங்கிக்குப் போனார்.

“வட்டி ஒம்பதரைய தொட்டுடுச்சிங்க” என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி. “தவணைய ஏத்தாம வருசத்த நீட்டிகிட்டே வந்தோம். இப்ப நீங்க கட்றதுல அசலுக்கு நானூத்தி அம்பது ரூவாதான் போவுது. இப்படியே போனா முடிய இன்னும் முப்பத்தாறு வருசம் ஆவும். அவ்ளோ காலம் விடமாட்டாங்க.”

முப்பத்தாறு வருடம் கழித்துத் தனக்கு எழுபத்தெட்டு வயது என்று முத்துவேல் மனதுக்குள் கூட்டிக்கொண்டார்.

பழைய கெடுவுக்குள் முடிக்க, மாறும் வட்டியிலேயே இருந்தால் தவணை 16,450. மாறாத வட்டிக்குப் போனால் 18,100.

“அது இனிமே ஏறாதில்ல?”

“ஏறாது. எறங்கவும் எறங்காது.”

அவர் மாறாத வட்டிக்குக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவருக்கு இருந்த பயத்துக்கு, ஏறாது என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

மகள் தேவிப்பிரியாவுக்கு அந்த மாதம்தான் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தவணை ஏறியதைக் கேட்டு அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோரிமேட்டில் ஒரு மருந்துக் கடையில் பில் போடப் போனாள். அவர் தடுக்கவில்லை. மனைவி பாக்கியலட்சுமி நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

2025இல் வட்டி இறங்கியது. பக்கத்து லேத்தில் நிற்கும் நெடுமாறனும் வீட்டுக் கடன் வாங்கியவர், மாறும் வட்டியிலேயே இருந்தவர். “எனக்கு எட்டே காலு சொச்சத்துக்கு வந்துடுச்சிண்ணே” என்று ஆரம்பித்தவர், முத்துவேலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

முத்துவேல் மறுபடி வங்கிக்குப் போனார். ஒரு தடவைதான் மாற்றலாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளையே எடுத்துக் காட்டினார்கள். கம்பெனியில் ஓவர்டைம் நின்று சம்பளம் குறைந்திருந்ததால் வேறு வங்கியும் அவர் கடனை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று தவணை தவறியதும் வீட்டை விற்றார். கடனை அடைத்தது போகக் கையில் நின்றது இரண்டு லட்சம்.

இப்போது கனகசெட்டிக்குளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். சாமான்களை இறக்கிய மறுநாள் மகளிடம் கேட்டார்.

“இந்த வருசம் காலேஜ்ல சேந்துக்கிறியாம்மா?”

“கூடப் படிச்சவங்கல்லாம் நர்ஸா ஆவப் போறாங்கப்பா. நான் போயி மொத வருசத்துல உக்காரவா?” என்றாள் தேவிப்பிரியா. கோபமாகச் சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.