மஞ்சள் புல்

எங்கள் ஆற்றில் ஒரு படகு ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கட்டிக் கிடக்கக் கூடாது. லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஆறே அப்பன் வீட்டுச் சொத்து என்று நினைப்பவர்களுக்காகப் போட்ட விதி. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் இன்ஸ்பெக்டருக்குக் கரையில் வைத்திருக்கும் பெயர் ‘புல் மேடம்’. அவருக்கு ரோந்துப் படகு ஓட்டுவது என் தலையெழுத்து.

பெயருக்குக் காரணம் உண்டு. படகிலேயே குடியிருக்கும் மகராசர்கள் சிலர், கெடு முடிந்ததும் அதே இடத்தில் படகை முன்பின்னாகத் தலைமாற்றிக் கட்டிவிட்டு, “நேத்துதான் வந்தேன்” என்பார்கள். மேடம் படகைப் பார்க்கவே மாட்டார். கரையில் இறங்கப் போட்டிருக்கும் பலகையைத் தூக்கச் சொல்வார். அடியில் புல் மஞ்சளாக நசுங்கிக் கிடந்தால் தீர்ந்தது கதை. யார் படகிலும் ஏற மாட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்தத் தம்பியே வந்து வாய்த்தான். பழைய சரக்குப் படகு ஒன்றில் தையல் மெஷினைப் போட்டுத் தார்ப்பாய் தைத்துப் பிழைப்பவன். கட்டில், அடுப்பு, தொழில் எல்லாம் அந்தப் படகுதான். லைசென்ஸைச் சுத்தமாக வைத்திருந்தான். ஆனால் நகர்த்தாமல் போட்டதற்கு ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவன். அக்கா எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருப்பாள் என்ற தைரியம்.

அன்று காலை நாங்கள் போனபோது படகு தலைமாறி நின்றது. தம்பி பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

“நேத்துதான் வந்து கட்டினேன்,” என்றான், என்னைப் பார்த்து.

“பலகையைத் தூக்குங்க,” என்றார் மேடம்.

“நம்ம தம்பிதானே மேடம்...” என்று இழுத்தேன்.

“தூக்குங்கன்னு சொன்னேன்.”

தூக்கினேன். மஞ்சள். பாவி, பலகையைக்கூடத் தள்ளிப் போடத் தோன்றவில்லை அவனுக்கு.

மேடம் கடைசி நோட்டீஸை எடுத்துக் கதவில் ஒட்டினார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் நகராவிட்டால் இழுவைப் படகு வந்து கிடங்குக்குக் கொண்டுபோய்விடும். பிறகு அவன் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

“கூடப் பொறந்தவன் வீட்டுல நீயே ஒட்டுறியாக்கா?”

அவர் நோட்டீஸின் ஓரங்களை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“இனிமே எனக்கு அக்கான்னு யாரும் இல்ல,” என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. “நீங்க பண்ணது எனக்குப் பிடிக்கல மேடம்,” என்றேன்.

“எனக்கும்தான். ஆனா போன மாசம் அந்தப் பெரியவர் படகை இதே மாதிரி புல்லைப் பாத்துதானே இழுத்துட்டுப் போனோம்? அவரு என் தம்பி இல்லைங்கிறதாலயா?”

ரோந்துப் படகைக் கிளப்பினேன்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. “இன்னிக்கு உங்களுக்கு லீவு. இஷ்டம் இருந்தா தம்பி படகுக்கு வாங்க. ரோந்துப் படகு வேணாம், அது சர்க்கார் டீசல்.”

போனேன். சீருடை இல்லாமல், படகின் முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரப் பாதையில் நின்றிருந்தார். தம்பியின் கதவு சாத்தியே இருந்தது.

“இன்ஜின் செத்துப்போச்சு அவனுக்கு,” என்றார்.

“சொன்னானா?”

“எங்க சொல்லுவான், வீம்பு புடிச்சவன். அன்னிக்குக் கரையில கழி குத்தின தடம் இருந்துச்சே, பாக்கலயா? இன்ஜின் ஓடினா எதுக்குக் கழியால தள்ளுறான்? நகரணும்னுதான் விதி. இன்ஜின்லதான் நகரணும்னு எங்கயும் இல்ல.”

இழுத்தோம். முதலில் படகு அசைந்தே கொடுக்கவில்லை. பிறகு மனசில்லாமல் வந்தது. பாதி வழியில் கதவு திறந்தது. தம்பி கழியை எடுத்து, கரை தட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தான்.

வளைவு தாண்டி அடுத்த துறையில் அவனே குதித்து, கயிற்றை வாங்கிக் கட்டினான். அப்போதுதான் அக்காவின் கையைப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

“இன்ஜின் சரியாக நாளாகும்க்கா.”

“ஆகட்டும். கெடு முடியுறப்பல்லாம் வந்து இழுக்குறேன்.”

“ஒரு தடவ வர முடியலைன்னா?”

“நோட்டீஸ் ஒட்ட வருவேன்.”

தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையை எடுத்துப் பச்சைப் புல்லின் மேல் போட்டான்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நடந்தார்.

“ஒரு வாய் தண்ணி குடுடா,” என்றார்.