திருட்டுப் போன வலை

துறைமுகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பீச்சாங்கைக்காரி என்றால்தான் தெரியும். இடக்கையில் வலை ஊசியைப் பிடித்து, இருபத்தெட்டு வருஷமாகப் படகுக்காரர்களுக்கு வலை கட்டிக் கொடுக்கிறவள். மற்றவர்கள் போடும் முடிச்சின் வால் வலப்பக்கம் விழும். இவளுடையது இடப்பக்கம் சாயும். பார்க்கக் கோணலாக இருந்தாலும், அவள் கட்டிய இடம் பிய்ந்ததாக ஒருத்தர் வந்து நின்றதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் மாட்டாள்.

நாக்கும் அப்படித்தான். பிடித்தால் விடாது. அதனால்தான் கூடப் பிறந்த தங்கையோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். இரண்டு மாதம் உட்கார்ந்து, கடையில் வாங்கிய வலைத்துண்டுகளை இணைத்து, வீட்டுக்காரருக்கென்று ஒரு புது வலை கட்டினாள். ஒரு நாள் காலை அவர் வெறும் கையோடு வந்து, கிடங்கில் வைத்திருந்த வலையைக் காணோம், எவனோ தூக்கிவிட்டான் என்றார். அவள் நேரே மீன் ஏலக்கூடத்துக்குப் போய், கூட்டம் கூடியிருந்த நேரத்தில் நடுவில் நின்றாள்.

"கிடங்குச் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு எங்க வீட்டு ஆணியில தொங்குது."

இன்னொன்று தங்கை புருஷனிடம் இருந்தது. பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த மனுஷனுக்கு 'சாவி' என்று பட்டம் விழுந்துவிட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு படகை விற்றுவிட்டு ஐஸ் லாரி ஓட்டப் போனான். தங்கை எதிர் வீடுதான். தெருவில் எதிரே வந்தால் மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல அக்காவைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த வருஷம் துறைமுகத்துக்கு ஓர் ஆர்ட்டிஸ்ட் அம்மா வந்து சேர்ந்தாள். கிராப் வெட்டிய நரைத்த தலை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை வாடகைக்குப் பிடித்தாள். கடலடிப் பாறைகளில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை முக்குளிக்கிறவர்களை வைத்து மேலே எடுத்து, அவற்றில் மாட்டியிருப்பதைச் சுத்தம் செய்து, வலையும் அதுவுமாக அப்படியே உயரத்தில் தொங்கவிடப் போகிறாளாம். சனங்கள் அதற்கு அடியில் நடந்து போய்ப் பார்க்க வேண்டுமாம். வேலைக்கு வலை தெரிந்த பெண்கள் எட்டுப் பேர் வேண்டும் என்றாள்.

"நாம தூக்கிப் போட்டா குப்பை. மேடம் தூக்கி மாட்டினா கலை" என்றாள் எட்டுப் பேரில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆர்ட்டிஸ்ட் அம்மாளும் சிரித்தாள். அவள் வைத்தது ஒரே சட்டம்: எந்த முடிச்சையும் அறுக்கக் கூடாது.

தங்கையும் வேலைக்கு வந்திருந்தாள். அக்கா வாசலோரம் உட்கார்ந்தால் தங்கை பின்சுவரோரம் உட்கார்ந்தாள். நடுவில் ஆறு பேர்.

நாலாம் நாள் ஒரு பெரிய வலை வந்தது. பாசியும் சிப்பியும் ஏறி, பதினொரு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. பிரித்தபோது அடித்த நாற்றத்தில், மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள்கூட எழுந்து வெளியே ஓடினார்கள். உள்ளே ஆமைகள் ஒன்பது. எட்டு வெறும் ஓடு. ஒன்றுக்கு இன்னும் தோல் இருந்தது. நண்டுகளுக்குக் கணக்கே இல்லை. முக்குளித்து மீன் பிடிக்கும் கறுப்புப் பறவை ஒன்று, அலகோடு.

"மீன் மாட்டிச் சாகும். அதைத் தின்ன வர்றது மாட்டும். அதைத் தின்ன இன்னொண்ணு. படகும் வேணாம், ஆளும் வேணாம். இது பாட்டுக்கு வருஷக்கணக்கா பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கு" என்றாள் ஆர்ட்டிஸ்ட் அம்மாள்.

பீச்சாங்கைக்காரி தோல் இருந்த ஆமையிடம் குனிந்தாள். முன்துடுப்பு வலைக்குள் போய், திருகி, எலும்புவரை அறுத்திருந்தது. பாசியைக் கத்தி நுனியால் சுரண்டி முடிச்சைத் தேடினாள். முடிச்சின் வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அடுத்த முடிச்சைச் சுரண்டினாள். இடப்பக்கம். அதற்கடுத்தது. அதுவும்.

வலையை நீளவாக்கில் பார்த்தாள். பாறையில் உரசி உரசி மற்ற இடமெல்லாம் கிழிந்து கந்தலாகியிருந்தது. மாட்டியவை எல்லாம் அந்த வழியாகத் தப்பிப் போயிருக்கும். துண்டுகளைச் சேர்த்து அவள் போட்ட இணைப்பு மட்டும் ஒரு வலைக்கண்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்பது ஆமையும் அந்த ஒரே கோட்டில், துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கியிருக்கின்றன.

கையில் கத்தி இருந்தது. பத்து இருபது முடிச்சை அறுத்தால் போதும், இது யார் வலை என்று கடலுக்குக்கூடத் தெரியாது. பின்சுவரோரம் தங்கை தலை நிமிராமல் சிப்பி உரித்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளை விட்டதும் பீச்சாங்கைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம வலை எங்க?"

"எந்த வலை?"

"திருட்டுப் போச்சே, அது."

ஸ்குரூ டிரைவர் நின்றது. இறக்கைகளில் ஒன்றை எடுத்தார், திருப்பினார், வைத்தார்.

"பாறையில மாட்டிக்கிச்சு. இழுத்திருந்தா படகு கவுந்திருக்கும். அறுத்து விட்டுட்டு வந்தேன்."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு?"

"யார்கிட்ட, உன்கிட்டயா? ரெண்டு மாசம் கட்டின வலையை ஒரே நாள்ல தொலைச்சிட்டு வந்தேன்னா நீ என்னைச் சோறு திங்க விட்டிருப்பியா?"

"கூட வந்த ரெண்டு பேரும் வாயைத் திறக்கலையே!"

"எப்படித் திறப்பாங்க? நாளைக்கு அவங்களுக்கும் இதே கதி வரும்ல. வலையை விட்டவன்னு பேர் வாங்கினா அப்புறம் எவன் மதிப்பான்? திருட்டுப் போச்சுன்னா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். இங்க எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். போன வருஷம் காணாமப் போன நாலும் கடல்லதான் கிடக்கு. அதுக்கு முந்தின வருஷத்துதும்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். துறைமுகத்தில் காவல்காரன் போட்டிருந்தார்கள். வாசலில் கேமரா மாட்டியிருந்தார்கள். கிடங்குக்குக் கிடங்கு இரட்டைப் பூட்டு. எல்லாம், பிறக்கவே பிறக்காத ஒரு திருடனுக்காக.

"அப்ப அந்த மனுஷன்? உன் சகலைதானேய்யா அவரு!"

"நான் யார் பேரையும் எடுக்கலையே" என்றார், மெதுவாக. "நான் எவனோ தூக்கிட்டான்னுதான் சொன்னேன். சாவின்னு நீதான் ஆரம்பிச்ச."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது எல்லோரும் வேலையில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் தாண்டிப் போய், பின்சுவரைப் பார்த்து, "ஏய், இங்க வா" என்றாள்.

தங்கை திரும்பி முதுகுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். சுவர்தான் இருந்தது. எழுந்து வந்தாள். அக்கா ஆமையின் துடுப்பைத் தூக்கி முடிச்சைக் காட்டினாள்.

தங்கை குனியக்கூட இல்லை. "நீ சாப்பிடப் போனப்பவே வந்து பாத்துட்டேன். உன் மூஞ்சி போன போக்கே சரியில்லைன்னு வந்தேன். பீச்சாங்கைன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சும்..."

"திரும்பி வந்து அறுப்பியா, கூப்பிடுவியான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அக்கா ஆமையின் துடுப்பைக் கீழே விட்டாள். "தப்புதான்டி. நான் சொன்னது அவ்வளவும்..."

"நிறுத்து. இந்த ஷெட்டுக்குள்ள எட்டு பேர் காதுல போட்டு என்ன ஆகப்போவுது? எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு."

விஷயத்தைக் கேட்ட ஆர்ட்டிஸ்ட் அம்மாள் வலையை ஒரு தரம் சுற்றி வந்தாள். பிறகு, "வலையையும் அங்கயே மாட்டுவோம்" என்றாள்.

அடுத்த வாரம் ஏலக்கூடத்தின் இரும்பு உத்திரங்களில் வலை ஏறியது. காலையில் மீன் பெட்டிகளோடு உள்ளே வந்தவர்கள் பழக்கத்தில் நாலடி நடந்துவிட்டுத்தான் மேலே பார்த்தார்கள். பார்த்தவர்கள் அங்கேயே நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதி, திட்ட வாயெடுத்து, அண்ணாந்து, திட்டாமல் நின்றார்கள். ஏலம் கூவுகிறவன் எடுத்த விலையை முடிக்காமல் வாய் பிளந்துகொண்டிருந்தான். ஒன்பது ஆமையும் தலைக்கு மேலே ஒரே வரிசை.

அவள் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள்.

"இது எங்க வலை. நான் கட்டினது. இதை எவனும் திருடல. எங்க வீட்டுக்காரர் பாறையில விட்டுட்டு வந்தாரு. நான் ஒரு நல்ல மனுஷனை இதே இடத்துல நின்னு கள்ளனாக்கினேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் கள்ளன் இல்ல. போதுமா? இன்னும் சத்தமா வேணுமா?"

வீட்டுக்காரர் தூணோரம் தலையைக் குனிந்து நின்றார்.

"இப்ப நான் கேக்கிறேன். உங்களுதெல்லாம் எங்கய்யா?"

கடைசியில், வலை இழுக்கும் விஞ்ச் ஓட்டுகிற ஆள் தொண்டையைச் செருமினார். "என்னுது வடக்குப் பாறையில கிடக்கு. மூணு வருஷம் ஆச்சு." பக்கத்தில் நின்றவன் அவரை வெறித்துப் பார்த்தான். பிறகு, "என்னுதும் அங்கதாண்ணே" என்றான்.

ஆர்ட்டிஸ்ட் அம்மாள் கடல் வரைபடத்தை மேசையில் விரித்தாள். ஒவ்வொருவராக வந்து விரல் வைக்க, முக்குளிக்கிறவன் பேனாவால் புள்ளி குத்தினான். பதினொரு மணிக்குள் முப்பத்தொரு புள்ளி. காவல்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அடப்பாவிகளா, அப்ப பதினாலு வருஷமா நான் யாருக்குய்யா காவல் காத்தேன்?" என்றான். சிலர் சிரித்தார்கள். மேலே ஒரு தரம் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தங்கை புருஷன் அப்போதுதான் உள்ளே வந்தான். லாரியை வாசலில் நிறுத்தி எவ்வளவு நேரமாக நின்றிருந்தான் என்று தெரியாது. கூட்டம் வழி விட்டது. பீச்சாங்கைக்காரியைப் பார்க்கவில்லை. சகலையைப் பார்க்கவில்லை. வலைக்கு நேர் கீழே போய், கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றான்.

"எத்தனைக்கா?"

"ஒன்பது."

"எல்லாம் நீ போட்ட இணைப்புலயா?"

"ஆமா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த வலையால எனக்குத்தான் பெரிய கெடுதல் நடந்துபோச்சுன்னு ஆறு வருஷமா நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.